கதவில்லாத கல்யாண வீடு

அந்தக் கதையில் வருகிற ராணியை யாரும் தொட முடியாது. வெள்ளைக் குளத்துக்குள் இருப்பாள். கை நீட்டினால் பத்து ராணியாகச் சிதறி ஓடுவாள். கையை எடுத்துக்கொண்டால் மறுபடி ஒரே ராணியாகக் கூடி நின்று சிரிப்பாள். இதை நான் முதலில் படித்தது தலைகீழாக. அச்சான தாள் என் முன்னால் அப்படித்தான் கிடந்தது. திருப்பி வைத்துப் படிக்க வெட்கம். மடிக்க வந்தவள் படிக்கிறாளே என்று யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

புதுக்கோட்டையில் அப்போது பிள்ளைகளுக்கான பத்திரிகைகள் நிறைய வந்துகொண்டிருந்தன. தெருவுக்குத் தெரு அச்சாபீஸ் என்று சொன்னால் கூடுதல்தான், ஆனால் என் கண்ணுக்கு அப்படித்தான் இருந்தது. அதில் ஒன்றின் பின்கொட்டகையில் நான் தாள் மடிக்கப் போனேன். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் எனக்குக் கல்யாணம். மகளுக்கு ஐந்து வயசு நடக்கும்போது இந்த வேலைக்குப் போனேன். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் படிப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், உதடு அசையும்.

மடிக்காத தாளில் கதை வரிசையாக இருக்காது. முதல் பக்கத்துக்குப் பக்கத்திலேயே கடைசிப் பக்கம் படுத்திருக்கும், நடுப்பக்கம் தலைகீழாக எங்கேயோ மூலையில் இருக்கும். மூங்கில் பட்டையால் அழுத்தி அழுத்தி மடித்து முடித்தால்தான் எல்லாம் தன் தன் இடத்துக்கு வரும். அதனால் எனக்கு எந்தக் கதையும் முடிவில் தொடங்கித்தான் பழக்கம். இந்த ஒரு கதை மட்டும் எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும் பிடித்துக்கொண்டது. கொட்டகையில் நாங்கள் அதைச் செம்புப் பையன் கதை என்போம்.

பாத்திரம் செய்கிற ஒருவருக்கு ஒரு மகள், ஒரு மகன். மகன் ஏதோ ஒரு ஊற்றில் தண்ணீர் குடித்து, காலில் தொடங்கித் தலை வரைக்கும் செம்பாகிப் போகிறான். ஊரில் ஒருவன் அவனை உருக்கி அண்டா செய்யலாம் என்கிறான். மந்திரி வந்து, இவனைப் பொன்னாக்கிக் கொடுத்தால் அரண்மனையில் வைத்துக்கொள்கிறோம் என்கிறார். அக்காள் ஒருவருக்கும் பதில் சொல்லாமல் தம்பியை ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறாள். உலகத்தில் எல்லாரும் அவனைப் பொன்னாக்கப் பார்க்கிறார்கள், அவள் ஒருத்திதான் பையனாக்கப் பார்க்கிறாள். அதைப் படித்தபோது பட்டையைக் கீழே வைத்துவிட்டேன்.

முதலில் கருங்காடு. அங்கே ஒரு காக்கை அவள் நிழலைக் கொத்தித் தின்றுவிடும். நிழல் போனவள் எவ்வளவு இலேசாக நடப்பாள் என்று எழுதியிருந்தது. அப்புறம் வெள்ளைக் குளம், அதில் ஒரு அன்னம், தொட முடியாத ராணி. அதற்கப்புறம் சிவப்பு மலை. மலைக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவும். மலையைச் சுற்றி ஒரு பாம்பு தன் வாலைத் தானே கவ்விக்கொண்டு படுத்திருக்கும். வாசல் எது என்று அவள் கேட்பாள். நீ நிற்கிற இடம்தான் வாசல் என்று பாம்பு சொல்லும். உள்ளே ஒரு ராஜா. அவன் மேல் அடிக்கிற நாற்றத்துக்கு யாரும் கிட்டே போக முடியாது. மூக்கைப் பொத்திக்கொண்டாவது போய் உட்கார்ந்து பேசியவர்களுக்குத்தான் அவன் எவ்வளவு நல்லவன் என்று தெரியும்.

என்னோடு மடித்த பெண்களில் ஒரு அக்கா வாய்த்துடுக்கு. என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, "ஏத்தா, தாளை மடிக்கச் சொன்னா நீ தாளுக்கு மந்திரம் ஓதிக்கிட்டு இருக்கே" என்றாள். பிறகு அவளே கதையைச் சொல்லச் சொன்னாள். குனிந்த தலை நிமிராமல் சொன்னேன். கொட்டகையில் மடிக்கிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. முடிந்ததும் அவள் பெருமூச்சு விட்டாள். "எங்க வீட்டுக்காரரும் செம்புதான். பத்து வருஷமா தேய்க்கிறேன், பளபளப்பு வரக் காணோம்." எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் நிஜமாகவே ஒருவர் செம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவர் என் மாமனார். அரிமளத்துப் பக்கம் நாட்டு வைத்தியம் பார்த்தவர். அவர் நாடி பிடித்தால் சரியாக இருக்கும் என்று அடுத்த ஊர்களிலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். என் மகள் பிறந்த கொஞ்ச நாளில் என் மாமியார் படுத்தார். மாமனார் கொடுத்த எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. போய்விட்டார். அதற்குப் பிறகு மாமனார் யார் கையையும் பிடித்துப் பார்க்கவில்லை. எங்களோடு டவுனுக்கு வந்து, கொல்லையில் கூரை இறக்கி, ஒரு உலையும் துருத்தியும் வைத்துக்கொண்டார். ரசவாதம். செம்பில் இருக்கிற களிம்பைப் போக்கிவிட்டால் அது பொன் என்பார். செம்பைச் சரியாக்கத் தெரியாதவனுக்கு மனுஷ உடம்பைச் சரியாக்க என்ன யோக்கியதை என்று தனக்குத்தானே பேசிக்கொள்வார். பொன்னாசை அவருக்கு இல்லை. எங்கே தப்பு விட்டோம் என்று தேடிக்கொண்டிருந்தார். நான் அப்படித்தான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சமஸ்தானத்து அம்மன் காசு செல்லாமல் போனதும், பிள்ளைகள் சில்லாக்கு விளையாட வைத்திருந்ததையெல்லாம் கேட்டு வாங்கி ஒரு சட்டி நிறைய வைத்திருந்தார். அதுதான் அவருடைய செம்பு. அந்தக் காசை அவர் பொன்னாக்கப் போகிறார் என்று தெருவே சிரித்தது. என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர், காரைக்குடிக்கும் திருமயத்துக்குமாக ஓடுகிற வண்டி. அவருக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

நானும் மாமனாரும் பேசிக்கொள்ள மாட்டோம். எங்கள் பக்கம் அது வழக்கம், கோபம் ஒன்றும் கிடையாது. அவர் இருமிவிட்டுத்தான் உள்ளே வருவார், நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்குவேன். சோறு போடும்போது மகளிடம் சொல்வேன், "ஐயாவுக்குக் கொழம்பு வேணுமானு கேளுத்தா." அவர் அவளிடம், "போதும்னு சொல்லு." பிள்ளை நடுவில் நின்று பதில்கூடச் சொல்லாது, விளையாடிக்கொண்டிருக்கும். எங்களுக்குக் கேட்டுவிடும். பிள்ளை தூங்கிவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வேன்.

அச்சாபீஸில் கறைபட்டுக் கழித்த தாள்களை எடுத்துக்கொள்ள விடுவார்கள். அதைக் கொண்டுவந்து மகளுக்குக் கதை படிப்பேன். ஒருநாள் தொட முடியாத ராணியைப் படித்துக்கொண்டிருந்தபோது கொல்லையில் துருத்திச் சத்தம் நின்றது. இருமல் கேட்டது. நான் எழுந்து ஒதுங்கினேன்.

"பிள்ளே, அந்த ராணி கையில ஒட்டுவாளானு ஒங்க ஆத்தாகிட்டக் கேளு."

"கேக்க வேணாம் ஐயா, ஒட்ட மாட்டா" என்றாள் மகள்.

"கனமா இருப்பாளா?"

அது அவளுக்குத் தெரியவில்லை. நான் தாளைப் பார்த்தேன். ராணி இருக்கிற குடத்தைப் பத்துப் பேர் சேர்ந்தும் தூக்க முடியவில்லை என்று அடுத்த பக்கத்தில் இருந்தது. கனம் என்று மகளிடம் சொன்னேன். மாமனார் கொல்லைக்குப் போய் ஒரு சின்னக் குப்பியோடு வந்தார். ஒரு தட்டில் சாய்த்தார். வெள்ளிச் சொட்டு ஒன்று விழுந்தது. மகள் விரலை வைத்தாள், அது பத்தாகச் சிதறி ஓடியது. தட்டை ஆட்டினார், மறுபடி ஒன்றாகக் கூடியது.

"ராணியைப் பாத்துக்க" என்றார். "இவளுக்குப் பாதரசம்னு பேரு."

கதவு இடுக்கு வழியாக நான் பார்த்தேன். காலையில் தாளில் படித்தது சாயங்காலம் எங்கள் வீட்டுச் சோற்றுத் தட்டில் உருண்டுகொண்டிருந்தது. அந்தத் தட்டை அப்புறம் சமையலுக்கு எடுக்கவில்லை, பிள்ளை கையையும் தேய்த்துக் கழுவினேன். ஆனாலும் அந்த ஆச்சரியம் எனக்கு அடங்கவில்லை.

நாற்றமடிக்கிற சிவப்பு மலை ராஜா கந்தகம் என்றார் மாமனார், ராஜாவைப் பற்றி நான் படித்தவுடனேயே. காக்கையும் அன்னமும் சேவலும் மருந்து பக்குவப்படுகிற மூன்று நிறம். முதலில் கறுக்கும், அப்புறம் வெளுக்கும், கடைசியில் சிவக்கும். வாலைக் கவ்விய பாம்பு, ஆரம்பித்த இடத்துக்கே வருகிற வேலை. எழுதியவர் சாதாரண ஆளாக இருக்க முடியாது என்று பிள்ளையிடம் சொன்னார். சித்தர்கள் மருந்தை மருந்து என்று சொல்ல மாட்டார்கள், அதற்கு ஒரு மறைவுப் பேச்சு வைத்திருந்தார்கள், அதில் ராணி என்பார்கள், காக்கை என்பார்கள், தெரிந்தவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பேச்சு தெரிந்த யாரோ ஒருவர் பிள்ளைகள் பத்திரிகைக்குள் மருந்துமுறையை ஒளித்துவைத்து எழுதுகிறார். இதுதான் அவர் முடிவு. தெருவில் யாரிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. அவர் சொல்லச் சொல்லக் கதை இன்னும் பெரிதானது.

அதன் பிறகு மாதாமாதம் என்னைவிட அவர் அதிகம் காத்திருந்தார். இந்த மாசத் தாள் வந்துவிட்டதா என்று பிள்ளையைக் கேட்பார். நேரத்துக்குச் சாப்பிட்டார். முகம் மழித்துக்கொண்டார். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பேதி என்று கேள்விப்பட்டு, மாதுளந் தோலை அவித்துக் கொடுக்கச் சொல்லி அனுப்பினார். என் வீட்டுக்காரர் வியந்து போனார். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார். கதை கேட்கிறார் என்றேன்.

பிறகு கல்யாணம் வந்தது. ராஜாவும் ராணியும் பார்த்த இடத்தில் சண்டை போடுகிறார்கள். ஒரு பெரிய கல்லுரல் மாதிரிப் பள்ளத்தில் விழுந்து புரண்டு புரண்டு, இரண்டு பேரும் அடையாளம் தெரியாமல் கறுத்துப் போகிறார்கள். அப்போதுதான் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அவர்களுக்குக் கல்யாணம் செய்துவைக்க அக்காள் ஒரு வீடு கட்டுகிறாள். முட்டை மாதிரி வீடு, கதவும் கிடையாது, சன்னலும் கிடையாது. இரண்டு பேரையும் உள்ளே விட்டு, ராணியின் சேலையைக் கிழித்துச் சேற்றில் தோய்த்து, இருக்கிற சந்துபொந்தையெல்லாம் ஒட்டி அடைக்கிறாள்.

மாமனார் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். "சீலைமண்" என்றார். சுவரைப் பார்த்துச் சொன்னாரா என்னைப் பார்த்துச் சொன்னாரா தெரியவில்லை. மருந்துச் சரக்கை வைக்கிற மண்கிண்ணத்துக்குக் குகை என்று பெயர். மூடியைப் பொருத்தி, மண்ணில் தோய்த்த துணியைச் சுற்றி ஒட்டிக் காயவைத்த பிறகுதான் வறட்டி அடுக்கிப் புடம் போடுவார்கள். அந்தத் துணிக்குத்தான் சீலைமண். அவர் கொல்லையில் அதைச் செய்வதை நானே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கதையில் அதே இருந்தது.

அந்த மாதத்துப் பகுதி இப்படி முடிந்தது: இன்னும் ஒன்று மட்டும் சேர்க்க வேண்டியிருக்கிறது, அது அவள் காதில் இருக்கிறது, அவளுடைய அம்மாவின் தோடு. மிச்சம் அடுத்த இதழில்.

மறுநாள் காலை நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். இருமல் கேட்கவில்லை. நிமிர்ந்தால் மாமனார் நிலைப்படியில் நிற்கிறார். பிள்ளை பக்கத்தில் இல்லை. எனக்கு ஒதுங்கக்கூட நேரமில்லை.

"தாயி, அவ தோடு ஒங்கிட்டதானே இருக்கு. எடுத்து வையி. கதை முடியட்டும், புடம் போட்டுருவோம்."

அது சிவப்புக்கல் தோடு. மாமியார் கடைசியில் பேச்சு நின்ற பிறகு, தன் காதைத் தொட்டு, தொட்டிலில் கிடந்த என் மகள் காதைத் தொட்டுக் காட்டினார். அப்படிக் கொடுத்த தோடு. மகளுக்குக் காது குத்தி ஆறிவிட்டது. வருகிற தை மாதம் போடலாம் என்று நினைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் வந்ததும் சொன்னேன். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை, அதனால்தான் பயம். தோல் பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "அம்மா தோடு உலைக்குள்ள போச்சுன்னா, அன்னைக்கே உலையை இடிச்சுட்டு அப்பாவை மீமிசல்ல தங்கச்சி வீட்டுல கொண்டுபோய் விட்டுருவேன். அங்கே கடலைப் பாத்துக்கிட்டு இருக்கட்டும்."

இரண்டு பேரும் சொன்னதைச் செய்கிறவர்கள். தோட்டைக் கொடுத்தால் மகளுக்குப் பாட்டி கொடுத்தது புகையாகப் போகும், மாமனாரும் வீட்டை விட்டுப் போவார். கொடுக்க மாட்டேன் என்றால், இப்போதுதான் சாப்பிட ஆரம்பித்த மனுஷர் மறுபடி படுத்துவிடுவார். மாமனாரிடம் மாட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கும் கிடையாது. யோசித்து யோசித்து எனக்கு ஒரு வழிதான் தெரிந்தது. கதையில் அந்தப் பெண் தோட்டைக் கழற்றாமல் இருந்தால் போதும்.

கதை எழுதுகிறவர் எங்கள் அச்சாபீஸிலேயே புரூப் பார்க்கிற சார்தான். மெலிந்த ஆள், சட்டைப் பையில் எப்போதும் மைக்கறை. அவர் யாரோடும் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மிஷின்காரர் அவர் தலைக்கு மேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். கடைசிப் பகுதி இன்னும் வரவில்லையாம். "முடிச்சுக் குடுங்க சார். இல்லேன்னா அந்த எடத்துல பல்பொடி விளம்பரத்தைப் போட்டு அடிச்சுருவேன்."

நான் மடித்த கட்டோடு தூணுக்குப் பக்கத்தில் நின்றேன். விஷயம் தெரிந்த துடுக்கு அக்கா பின்னாலிருந்து முதுகில் விரலால் குத்தினாள். "போயிக் கேளுத்தா. எலும்புந் தோலுமா இருக்காரு, கடிச்சாலும் ஒனக்கு வலிக்காது."

போனேன். நான் அவர் மேசையையும் என் கையிலிருந்த கட்டையும் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

"சார், அந்தப் பொண்ணு தோட்டைக் கழட்ட வேணாங்க."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "நீங்க படிக்கிறீங்களா?" என்றார். அதைக் கேட்ட விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஊர் ஊராகப் பத்திரிகை போகிறது, ஆனால் தன் கதையைப் படித்த ஒரு ஆளை அவர் நேரில் பார்த்ததில்லை போல. என்னைவிட அவருக்குத்தான் முகம் சிவந்தது.

எல்லாவற்றையும் சொன்னேன். குப்பி, காக்கை, சீலைமண், மீமிசல். என் வாழ்நாளில் ஒரு வெளி ஆளிடம் அவ்வளவு பேசியதில்லை. அவர் குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரலாமா என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் சலவை வேட்டி கட்டி, திருநீறு பூசி, கொல்லைக்கூரையில் வறட்டியையெல்லாம் ஒதுக்கி ஒரு முக்காலி போட்டு வைத்திருந்தார். சித்தர் வரப்போகிறார் என்றுதான் இருந்தார். வந்தவர் பையன் மாதிரி இருக்கவும் கொஞ்சம் திகைத்தார். அன்றைக்கு என் வீட்டுக்காரருக்கு வண்டி இருந்தது, அதுவும் நல்லதாகப் போயிற்று. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

மாமனார் சுற்றி வளைக்கவில்லை. காக்கை எந்தச் சரக்கு, அன்னம் எந்தச் சரக்கு, மறைக்காமல் சொல்லுங்கள் என்றார். அந்த சார் தன் மஞ்சப்பையை அவிழ்த்து, உள்ளே இருந்ததைத் தரையில் வரிசையாக வைத்தார். மரக்கட்டையில் ஈயத்தகடு அடித்த படப் பிளாக்குகள். காக்கை, அன்னம், சேவல், பாம்பு, முட்டை.

"புதுசா படம் போடணும்னா மெட்ராஸுக்கு அனுப்பி பிளாக் செய்யணுங்க ஐயா. மொதலாளி சம்மதிக்க மாட்டாரு. அச்சாபீஸ்ல பழைய பிளாக் கெடந்துச்சு. அதை முன்னால வச்சுக்கிட்டு, இதுக்கெல்லாம் சேர்த்து என்ன கதை சொல்லலாம்னு பாத்தேன். காக்கா மை விளம்பரம். அன்னம் கல்யாணப் பத்திரிகைக்கு வச்சது. சேவல் தீப்பெட்டி. பாம்பு ஒரு பார்டர்."

"முட்டை?"

"அது முட்டை இல்லைங்க. தலைவலித் தைலப் பாட்டில். கழுத்து ஒடஞ்சு போச்சு."

மூன்று நிறத்தைக் கேட்டார் மாமனார். மை கறுப்பு, தாள் வெள்ளை, அட்டைக்கு மட்டும் சிவப்பு, நாலாவது நிறம் எங்கள் அச்சாபீஸில் கிடையாது என்றார் அவர். சேலைச் சேறு? அவர் அம்மா வீட்டில் நெல் குதிரின் வாயை வண்டு போகாமல் இருக்கப் பழைய சேலையைச் சேற்றில் தோய்த்து அடைப்பார்களாம். ராணியும் ராஜாவும்? அதற்கு மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. சின்ன வயதில் யாரோ சொல்லிக் கேட்டதாக இருக்கலாம், தானாக வந்ததாகவும் இருக்கலாம் என்றார்.

மாமனார் பாட்டில் பிளாக்கைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் உடைந்துவிடுவார் என்று நினைத்தேன். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். மாமியார் போனதற்கு அப்புறம் அந்த வீட்டில் அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

"தைலப் பாட்டிலு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இருக்கட்டும் தம்பி. அந்தக் காலத்துல எழுதி வச்சவங்களும் கையில கெடந்ததை முன்னால வச்சுக்கிட்டுத்தான் பாடியிருப்பாங்க. காக்கா அவங்க தலைக்கு மேலயும் பறந்துருக்கும்ல. நீங்க தெரியாம சொன்னது சரியா இருக்கு. ஒண்ணுகூட மாறல."

அந்த வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது. தப்பாக நினைத்துவிட்டோம் என்று தெரிந்ததும் கதையைத் தூக்கி எறிகிறவர்கள்தான் அதிகம். அவர் எறியவில்லை.

அதற்கப்புறம் அந்த சார் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். கதை ஒரு இடத்தில் நின்றுவிட்டது, நகரவில்லை. ராஜாவும் ராணியும் உள்ளே இருக்கிறார்கள், வீடு அடைத்தாகிவிட்டது. அந்தப் பெண் தோட்டை உள்ளே போடுவதாகப் போன இதழில் எழுதிவிட்டேன். எப்படிப் போடுவாள், நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்காகக் கேட்டாரா, கதைக்காகக் கேட்டாரா என்று அன்றைக்கும் தெரியவில்லை, அப்புறம் கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

மாமனார் உடனே வைத்தியராகிவிட்டார். முதுகு நிமிர்ந்தது.

"அடைச்சாச்சா?"

"அடைச்சாச்சுங்க."

"மண்ணு காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சுனு எழுதிட்டேங்க."

"அப்பறம் எதைத் தம்பி போடுறது? சீலைமண் காஞ்சதுக்கப்பறம் உள்ள ஒண்ணும் போகப்படாது. தெறந்தா ராணி பொகையாப் போயிருவா. என்ன போடணுமோ அதெல்லாம் போட்டாச்சு. இனிமே அவ பொறுமையா வெளிய ஒக்காந்துருக்க வேண்டியதுதான்."

சொல்லி முடித்துவிட்டு அப்படியே இருந்தார். தான் சொன்னது தன் காதில் விழுந்ததுபோல இருந்தது. கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

பிறகு அந்த சாருக்குச் சொல்லிக் கொடுத்தார். ரசமும் கந்தகமும் கறுத்து, அடைபட்டு, வெந்து, ஆறினால் மேலே சிவப்பாகப் பூக்கும். பொன்னாகுமா என்பது வேறு பேச்சு. தனக்கு இதுவரைக்கும் ஆகவில்லை. அந்தச் சிவப்பு மருந்து, செந்தூரம், அதை அரிசி எடைதான் கொடுக்க வேண்டும், கூடினால் ஆளையே தின்றுவிடும் என்றார். அந்த சார் பென்சிலை எடுக்கவே இல்லை, வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தேன், மகள் கையில்.

அவர் போன பிறகு நான் தோட்டுச் சிமிழை மடியில் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன். கேட்டால் கொடுத்துவிடுவேன், எனக்குத் தெரியும். வெளியே இருமல் கேட்டது. எழுந்து கதவுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மாமனார் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"பழைய சேலைக் கிழிசல் இருந்தா ஒரு மொழம் குடுக்கச் சொல்லு."

பிள்ளை அங்கே இல்லவே இல்லை. நான் பெட்டியைத் திறந்து மாமியாரின் பழைய சேலையை எடுத்தேன். தலைப்பில் கிழிந்திருந்தது. ஒரு முழம் கிழித்து நிலைப்படியில் வைத்தேன். அவர் பார்த்தவுடன் தெரிந்துகொண்டார். கொல்லைக்குப் போய் அதைச் சேற்றில் தோய்த்து, தோடு இல்லாமலே குகையை அடைத்தார்.

என் வீட்டுக்காரர் அடுத்த நாள் வந்து கொல்லையில் புகையைப் பார்த்ததும் பையைக்கூடக் கழற்றாமல் தோடு எங்கே என்றார். மகளைக் கூப்பிட்டேன். தை மாதம் வரைக்கும் காத்திருக்கவில்லை, அன்று காலையிலேயே போட்டுவிட்டிருந்தேன். அவள் தலையை இங்கிட்டும் அங்கிட்டும் ஆட்டிக் காட்டினாள். அவர் பை வாரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் கொல்லைக்குப் போய், அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நெருப்பு அணையாமல் வறட்டியைத் தள்ளிவிட்டார். குகையைத் திறந்தபோது மேல்மூடியில் சிவப்பாகப் பிடித்திருந்தது. அம்மன் காசு அம்மன் காசாகவே இருந்தது. நிறம் சரியாக வந்திருக்கிறது என்று பிள்ளையிடம் சொன்னார். அந்தச் செந்தூரத்தை எங்களில் யாருக்கும் அவர் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆனால் நாடி பார்க்க ஆள் வந்தால் அதற்கப்புறம் திருப்பி அனுப்பவில்லை. கஷாயமும் சூரணமுமாகக் கொடுத்தார்.

கடைசிப் பகுதித் தாள் வந்த அன்று கொட்டகையில் யாரும் மடிக்கவில்லை. மிஷின்காரர் கத்தினார், நாங்கள் படித்து முடித்த பிறகுதான் கை வைத்தோம். அக்காள் தோட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். எங்கும் ஒரு ஊசித் துவாரம்கூட இல்லை, அவளே அடைத்தது. திரும்பக் காதில் மாட்டிக்கொள்கிறாள். தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் செம்புக் காலைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். ஒரு காலையில் வீடு தானாக விரிகிறது. உள்ளே ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை, விடியற்காலை வானம் மாதிரி ஒரு சிவப்புத்தூள் மட்டும் இருக்கிறது. அரிசி எடை எடுத்து அவன் நாக்கில் வைக்கிறாள். அவன் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்கிறான். துடுக்கு அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அப்போ எங்க வீட்டுக்காரரு செம்பு இல்லடி. அவருக்கு எப்பவும் பசிக்குது" என்றாள்.

சாயங்காலம் வீட்டில் படித்தேன். மாமனார் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நல்லா முடிச்சுட்டாரு. ஆனா தேனை விட்டுட்டாரே" என்றார். "செந்தூரத்தை வெறும் நாக்குல வைக்கப்படாது. தேன்ல கொழைச்சுக் குடுக்கணும்."

மறுநாள் நானாகவே அந்த சார் மேசைக்குப் போனேன், யாரும் முதுகில் குத்தவில்லை. மாமா தேனில் குழைத்துக் கொடுக்கச் சொன்னார் என்றேன். ஐயோ, அச்சாகிவிட்டதே என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

சில வருஷம் கழித்து அந்தக் கதை தனிப் புத்தகமாக வந்தது. அதற்கும் தாள் மடித்தது நாங்கள்தான். கடைசித் தாளை எடுத்ததும், எந்த மூலையில் எந்தப் பக்கம் இருக்கும் என்று எனக்குத் தெரியுமாதலால், முதலில் அந்த வரியைத்தான் தேடினேன். அரிசி எடை எடுத்து, தேனில் குழைத்து, தம்பியின் நாக்கில் வைத்தாள் என்று இருந்தது. இந்தத் தடவை வெட்கப்படாமல் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, நேராகப் படித்தேன்.